அரைப் பங்கு

சாவியைத் திருப்பினேன்.
சுழல்கிறது. நன்றாகவே சுழல்கிறது.
பற்றவில்லை.

செப்டம்பர் கடைசி. மைனஸ் ஒன்பது.
சுபுத் மேட்டுநிலத்தில்
காற்று மட்டும் எங்களுக்கு முன்னே கிளம்பிவிட்டது.
எழுபத்து மூன்றாம் வருட மெர்செடஸ்,
முதுகில் கத்தரி எந்திரம், மெத்தைகள், அடுப்பு,
பதினோரு ஆட்கள்.
அடுத்த பண்ணையில் இரண்டாயிரம் ஆடுகள்
ரோமம் இறக்க
வெறும் வயிற்றோடு பட்டியில் நிற்கின்றன.

பதினோரு ஆட்கள் என்றால் பதினோரு வைத்தியம்.
ஈதர் அடி என்கிறான் தெல்மிரோ.
எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தீ மூட்டு என்கிறான் பாசிலியோ,
போன வருடம் தன் லாரியை அப்படித்தான் எரித்தவன்.
சமையல்காரர் ஒக்தாவியோ
விற்றுத் தொலை என்று சொல்லிவிட்டு
மாத்தே கெண்டியைத் தணலில் வைக்கிறார்.

நான் பேசவில்லை.
பையன் நாவெலைப் பின்னால் அனுப்பினேன்.
சைலன்சரைப் பார்.
கறுப்பா?
இல்லை.
வெள்ளையா?
இல்லை, செஃபெரினா.
பின்னே என்ன வருது?
ஒண்ணுமே வரலை.

வெள்ளை வந்தால் டீசல் போகிறது, சூடுதான் பற்றவில்லை.
ஒன்றும் வராவிட்டால்
டீசல் போய்ச் சேரவே இல்லை.

டீசல் குளிரில் மெழுகானதா?
வடிகட்டியை அவிழ்த்தேன். தெளிவு.
விரல் நுனியில் பனியும் டீசலும்
ஒரே மாதிரி சுட்டன.
குழாயில் காற்று புகுந்ததா?
போல்ட்டை அரைத் திருகு தளர்த்திக்
கைப்பம்பை அழுத்தினேன், அறுபது, எழுபது முறை.
ஒரு குமிழிகூட இல்லை.
இவ்வளவு ஒழுங்கான வண்டி
ஏன் ஓடவில்லை என்று
நின்று யோசித்தது அப்போதுதான்.

நேற்றிரவு இதே இடத்தில்
இராசாபல் ஜன்னலருகே வந்து சொன்னார்:
கத்தரிப்பவனுக்கு முழுப் பங்கு,
ஓட்டுகிறவளுக்கு அரை போதும்,
நீ என்ன ஆட்டைத் தொடுகிறாயா?
நான் பதில் சொல்லவில்லை.
எஞ்சினை நிறுத்தும் கறுப்புக் குமிழை
இழுத்தேன்.
இழுத்த இழுப்பு அவருக்கானது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அந்தக் கேபிளை விரலால் பின்தொடர்ந்தேன்,
பலகையைத் துளைத்து, எஞ்சினை ஒட்டி,
பம்பின் ஓரத்து லீவர் வரைக்கும்.
லீவர் இன்னும் நிறுத்தத்திலேயே சாய்ந்திருந்தது.
குமிழை உள்ளே தள்ளித்தான் இருந்தேன்;
உறைக்குள் பனி இறுகி
கேபிள் திரும்பி வரவில்லை.
இரவு முழுக்க ஒரு கோபத்தைப்
பிடித்தபடி பிடித்திருக்கிறது.

கெண்டியைக் கொடுங்கள் என்றேன்.
அது மாத்தேவுக்கு, என்றார் ஒக்தாவியோ.
கொடுங்கள்.

வெந்நீர் கேபிள்மேல் வழிந்தது.
லீவர் ஒரு விரற்கடை நகர்ந்தது.
சாவி.
முதலில் ஒரே ஒரு சிலிண்டர் சம்மதித்தது.
பிறகு பக்கத்து வீடுகளைக் கேட்டுக்கொண்டு
மற்றவையும்.
வெள்ளையாய்ப் புகை வந்து
நாவெலை முழுசாக மறைத்தது,
உள்ளேயிருந்து அவன் கத்தல் மட்டும்: வருது! வருது!

தெல்மிரோ, நான் சொன்னேனில்லையா என்றான்.
என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

இராசாபல் ஜன்னலுக்கு வந்தார்.
என்ன கோளாறு?
காற்று, என்றேன். குழாயில் காற்று.
கெட்டிக்காரி, என்று கதவைத் தட்டினார்.

அரைப் பங்கென்றால், என்றேன்,
பாதி வழிதான்.
எந்தப் பாதி வேண்டும்?

என் இடது கை அந்தக் கறுப்புக் குமிழ்மேல்.
அவர் சிரித்தார்.
பின்னால் ஏறிக்கொண்டிருந்த பூட்ஸ் சத்தம் நின்றது.
இங்கிருந்து பண்ணைக்கு நாற்பது கிலோமீட்டர்.
ஆடுகள் வேறு பட்டினி.